படிப்பவர் கையில் வேலை இருக்கிறது

(தொழில்நுட்பக் கல்வி பயிலும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தொழில்நுட்ப உரைநடையில் தெளிவாகவும் சுருக்கமாகவும் வாக்கியம் எழுதுவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு சிறிய வாக்கியத்தை எடுத்துக்கொண்டு தொடங்குகிறேன். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்கிறோம். அந்தப் பொட்டலத்தின் மேல், “இதிலுள்ள தூளைத் தேவையான அளவு நீரில் கலந்து அவ்வப்போது கொடுக்கவும்” என்று அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். இலக்கணப் பிழை இல்லை. கடினமான சொல் இல்லை. வாக்கியமும் சிறியது. ஆனாலும் இது ஆபத்தான வாக்கியம். ஒரு லிட்டருக்கு அளந்து வைத்த தூளை ஒரு டம்ளர் நீரில் கரைத்துவிட்டால் உப்பு மிகுந்துபோகும்; ஏற்கெனவே நீரிழந்து கிடக்கும் குழந்தையின் இரத்தத்தில் சோடியம் ஏறும்; காப்பாற்ற வந்த மருந்தே கேடு செய்யும்.

உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைத்து வரும் கலவையில் 20.5 கிராம் தூள் இருக்கிறது. அது கரைய வேண்டிய நீர் சரியாக ஒரு லிட்டர். இதை அறிந்தவர் இப்படி எழுதுவார்: “பொட்டலத் தூள் முழுவதையும் ஒரு லிட்டர் குடிநீரில் கரையுங்கள். 24 மணி நேரத்துக்குள் கொடுத்து முடியுங்கள். மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.” ஒரு வாக்கியம் மூன்றாகிவிட்டது, சொற்களும் கூடிவிட்டன. ஆனால் தாய் யாரையும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

முதல் வாக்கியத்தை எழுதியவர், எவ்வளவு நீர் என்ற முடிவைத் தாயின் தலையில் தள்ளிவிட்டார். இரண்டாவது வாக்கியத்தை எழுதியவர் அந்த முடிவைத் தாமே எடுத்தார். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்: தெளிவான வாக்கியம் என்பது, எழுதுபவர் எடுத்து முடித்த ஒரு முடிவு. குழப்பமான வாக்கியத்தைத் தோண்டிப் பார்த்தால், பெரும்பாலும் அடியில் எடுக்காமல் விட்ட ஒரு முடிவு கிடக்கும். யார் செய்ய வேண்டும், எதைச் செய்ய வேண்டும், எவ்வளவு, எப்போது என்பதில் ஏதோ ஒன்று எழுதுபவருக்கே தெரிந்திராது. அல்லது தெரிந்தும் சொல்லத் துணிவு வந்திராது.

கதை படிப்பவர் சாய்ந்து உட்கார்ந்து படிக்கிறார். தொழில்நுட்ப ஏட்டைப் படிப்பவர் கையில் ஸ்பேனரோடு, ஊசியோடு, திறந்து கிடக்கும் இயந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு படிக்கிறார். ஒரு வரி படிப்பார், கண்ணை எடுப்பார், வேலையைச் செய்வார், மறுபடி ஏட்டுக்கு வருவார். அவருக்காக எழுதுகிறோம் என்ற நினைப்பு விரல் நுனியில் இருக்க வேண்டும்.

முதலில் எழுவாயைப் பற்றிப் பேசுவோம். வாக்கியம் எதைப் பற்றிப் பேசுகிறதோ அது துல்லியமாக இருக்க வேண்டும். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலையில் ஒரு வால்வு திறந்தது. அழுத்தம் தணிந்ததும் அது மூடிக்கொண்டிருக்க வேண்டும், மூடவில்லை, சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கோ வால்வு மூடிவிட்டது என்றே பணியாளர்களை நம்ப வைத்தது. அந்த விளக்குக்கு வால்வின் நிலை தெரியாது. மூடச் சொல்லிச் சைகை போய்விட்டது என்பதை மட்டும்தான் அது காட்டியது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அந்த வால்வு வழியே குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. உலையின் மையப் பகுதியில் ஒரு பங்கு உருகியது. அந்த விபத்துக்கு இன்னும் பல காரணங்கள் உண்டு. ஆனால் எழுதுகிறவர்களுக்கு இந்த விளக்கில் ஒரு பாடம் இருக்கிறது.

“மூடும் கட்டளை அனுப்பப்பட்டது” என்பது ஒரு செய்தி. “வால்வு மூடியிருக்கிறது” என்பது வேறொரு செய்தி. நம் அறிக்கைகளில் முதலாவதை அறிந்துகொண்டு இரண்டாவதை எழுதிவிடுகிறோம். கடிதம் அனுப்பியிருப்போம், “தெரிவித்தாயிற்று” என்று எழுதுவோம். மருந்துச் சீட்டு எழுதியிருப்போம். “மருந்து கொடுக்கப்பட்டது” என்று பதிவு செய்வோம். பார்த்ததைப் பார்த்ததாகவும், ஊகித்ததை ஊகித்ததாகவும், சொல்லச் சொன்னதைச் சொல்லச் சொன்னதாகவும் எழுதுவதே தொழில்நுட்ப நேர்மையின் முதல் படி. சொல் நயம் அதற்குப் பிறகுதான் வரும்.

அடுத்து, முக்கியமான செய்தி எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பார்ப்போம். 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் புறப்பட்டது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட 7 பேர் அதில் இருந்தார்கள். புறப்பட்டு ஏறத்தாழ 82 விநாடிகளில் எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த காப்பு நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. கலம் வானில் சுற்றிக்கொண்டிருந்த நாட்களிலேயே பொறியாளர்கள் சேதத்தைக் கணிக்க முயன்றார்கள். தங்கள் ஆய்வைப் பவர்பாயின்ட் பக்கங்களாக மேலதிகாரிகளுக்கு அனுப்பினார்கள். பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது கலம் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள்.

விபத்தை ஆராய்ந்த குழு அந்தப் பவர்பாயின்ட் பக்கங்களில் ஒன்றைத் தன் அறிக்கையில் தனியே எடுத்துப் பேசியது. எட்வர்ட் டஃப்டி என்ற அறிஞர் அந்தப் பக்கத்தை வரி வரியாக ஆராய்ந்து காட்டியதையும் அறிக்கையில் சேர்த்தது. பக்கத்தின் தலைப்பு, கணிப்புகள் பாதுகாப்பான பக்கமாகவே இருக்கின்றன என்ற எண்ணத்தைத் தந்தது. பக்கத்தின் அடியில், உட்பிரிவுக்குள் உட்பிரிவாக, சிறிய எழுத்தில் ஒரு செய்தி இருந்தது: மோதிய துண்டின் அளவு 1,920 கன அங்குலம் என்று மதிப்பிட்டிருந்தார்கள், அவர்களிடம் இருந்த சோதனைத் தரவோ 3 கன அங்குலத் துண்டை வைத்துச் செய்தது. 640 மடங்கு வேறுபாடு. “குறிப்பிடத்தக்க” என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அந்த ஒரே பக்கத்தில் ஐந்து முறை, இடத்துக்கு ஒரு பொருளில் வந்திருந்தது. உயர் அதிகாரி ஒருவர் இதைப் படித்துவிட்டு, உயிராபத்தைப் பற்றிய பக்கம் இது என்று உணராமலேயே போவதில் வியப்பில்லை என்ற கருத்தை விசாரணைக் குழு பதிவு செய்தது.

அந்தப் பக்கத்தில் பொய் எதுவும் இல்லை. செய்தி இருந்தது, இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. தலைப்பிலேயே, “மோதிய துண்டு நாம் சோதித்ததைவிட 640 மடங்கு பெரியது. நம் சோதனைகளை நம்பி இறக்கை பத்திரமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது” என்று எழுதியிருந்தால், படித்தவர் யாராக இருந்தாலும் ஒரு கணம் நின்றிருப்பார். அப்படி எழுதுவதற்கு நல்ல ஆங்கிலம் போதாது. முடிவு எடுத்து அதை முதல் வரியில் வைக்கும் துணிவு வேண்டும்.

இனி நம் தமிழுக்கு வருவோம். தமிழில் தொழில்நுட்பம் எழுதுவது புதிய முயற்சியன்று. அமெரிக்க மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, 1860களில் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு முதலிய துறைகளில் தமிழில் பாடநூல்கள் வரச் செய்தார். ஆகவே தமிழால் முடியுமா என்ற கேள்விக்கு நாம் நேரம் செலவிட வேண்டாம். தமிழ் வாக்கியத்தின் இயல்பு என்ன, அது எங்கே நமக்குத் துணை செய்கிறது, எங்கே வழுக்குகிறது என்று பார்ப்பதே பயனுள்ளது.

தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. அதற்கு முன்னால் வினையெச்சங்களை எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம். அந்த வசதியே நமக்கு வினையாகிறது. ஒரு பம்பு செட்டுக்கான குறிப்பைப் பாருங்கள்:

“ஃபுட் வால்வைச் சரிபார்த்து, உறிஞ்சு குழாயில் நீர் நிரப்பிக் காற்று வெளியேறியதை உறுதிசெய்துகொண்டு, டெலிவரி வால்வு மூடியிருக்கும் நிலையில் மோட்டாரை இயக்கி, அழுத்தம் உயர்ந்ததும் வால்வைப் படிப்படியாகத் திறந்து, ஓட்டம் சீரானதும் ஆம்பியர் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும்.”

இதை எழுதியவருக்குப் பம்பு நன்றாகத் தெரியும். ஆனால் புதிதாக வேலைக்கு வந்தவர் எங்கே தவறுவார் என்று பாருங்கள். “டெலிவரி வால்வு மூடியிருக்கும் நிலையில்” என்ற தொடரில் ஒரு வேலை ஒளிந்திருக்கிறது. வால்வை மூட வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஏற்கெனவே மூடியிருப்பதாக எடுத்துக்கொள்கிறது. புதியவர் அதை ஒரு வருணனையாகப் படித்துவிட்டுத் தாண்டிப் போவார். திறந்த வால்வோடு மோட்டாரைப் போடுவார். மையவிலக்குப் பம்பு அப்படிக் கிளம்பும்போது மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். மூடி வைத்துக் கிளப்புவதே அதற்காகத்தான். இதையே பிரித்து எழுதுவோம்:

1. ஃபுட் வால்வில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.
2. உறிஞ்சு குழாயிலும் பம்பிலும் நீர் நிரப்புங்கள். காற்றுக் குமிழி நிற்கும் வரை நிரப்புங்கள்.
3. டெலிவரி வால்வை மூடுங்கள்.
4. மோட்டாரைப் போடுங்கள்.
5. அழுத்தமானியின் முள் ஏறி நின்றதும் டெலிவரி வால்வை மெல்லத் திறங்கள்.
6. நீர் சீராக வந்ததும் ஆம்பியரைக் குறியுங்கள்.

ஒளிந்திருந்த வேலை மூன்றாவது படியாக வெளியே வந்துவிட்டது. அடைமொழிக்குள் செயலைப் புதைக்காதீர்கள். மனிதர் செய்ய வேண்டிய ஒவ்வொன்றுக்கும் ஒரு வினைமுற்றுக் கொடுங்கள்.

கடைசியில் வரும் வினைமுற்றோடு இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் எதிர்மறையும் கடைசியில்தான் வரும். “மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது பெல்ட் மூடியைக் கழற்றி உள்ளே கை விட்டுச் சோதிக்கக் கூடாது” என்ற வாக்கியத்தில், கூடாது என்ற சொல் வருவதற்குள் படிப்பவர் மனத்தில் மூடியைக் கழற்றிக் கையையும் உள்ளே விட்டுவிட்டார். தாள் அங்கே கிழிந்திருந்தாலோ எண்ணெய்க் கறை பட்டிருந்தாலோ எச்சரிக்கை அனுமதியாகிவிடும். “முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். அதன் பிறகே பெல்ட் மூடியைக் கழற்றுங்கள்” என்று நேராகச் சொல்லலாம். தடை சொல்லியே ஆக வேண்டிய இடங்களில், “ஆபத்து” என்ற சொல்லை முன்னால் நிறுத்திவிட்டு ஒரே ஒரு தடையைச் சிறிய வாக்கியத்தில் சொல்லுங்கள். எச்சரிக்கை எப்போதும் அந்த வேலைக்கு முன்னால் வர வேண்டும். வேலையைச் சொல்லி முடித்த பிறகு வரும் எச்சரிக்கையால் பயன் இல்லை.

அடுத்து, ‘லாம்’ என்று முடியும் வினைகள். “அழுத்தம் 6 பாரைத் தாண்டலாம்” என்று ஒருவர் எழுதுகிறார். தாண்டினால் தவறில்லை என்கிறாரா? தாண்டக்கூடும், எச்சரிக்கையாக இருங்கள் என்கிறாரா? பேச்சில் குரல் இதைத் தெளிவாக்கிவிடும். தாளில் குரல் இல்லை. ஒரு பொருள் இயக்குபவரைத் தொடர்ந்து ஓட்டச் சொல்கிறது. மறுபொருள் நிறுத்தத் தயாராக இருக்கச் சொல்கிறது. “6 பார் வரை ஓட்ட அனுமதி உண்டு” என்றோ, “அழுத்தம் 6 பாரைத் தாண்டும் வாய்ப்பு உண்டு, தாண்டினால் உடனே நிறுத்துங்கள்” என்றோ எழுதிவிட்டால் ஐயம் தீர்ந்தது. இணையத்தின் நெறிமுறைகளை எழுதியவர்களுக்கும் இதே சிக்கல் வந்தது. 1997 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 2119 என்ற சிறிய ஆவணத்தை வெளியிட்டு, கட்டாயம், பரிந்துரை, விருப்பம் ஆகிய மூன்றுக்கும் எந்தச் சொல் என்று வரையறுத்துக்கொண்டார்கள். நாமும் ஒவ்வொரு கையேட்டின் முதல் பக்கத்திலும் இதைச் செய்யலாம். “வேண்டும்” என்றால் கட்டாயம். “நல்லது” என்றால் பரிந்துரை. “விரும்பினால்” என்றால் உங்கள் விருப்பம். பிறகு ஏடு முழுவதும் அந்தச் சொற்களை அந்தப் பொருளிலேயே ஆள வேண்டும்.

இப்போது நம் அலுவலக நடைக்கு வருகிறேன். “சோதனை மேற்கொள்ளப்பட்டு, குறைபாடு கண்டறியப்பட்டு, தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது.” இதில் மனிதர் ஒருவர்கூட இல்லை. யார் சோதித்தார், என்ன குறை, யார் சரிசெய்கிறார், எப்போது முடியும் என்ற நான்கு கேள்விக்கும் விடை இல்லை. செயப்பாட்டுவினை தன்னளவில் குற்றமுடையதன்று. “மாதிரிகள் 37 டிகிரி செல்சியஸில் வைக்கப்பட்டன” என்று ஆய்வகக் குறிப்பில் எழுதினால் யார் வைத்தார் என்பது முக்கியமில்லை. ஆனால் பொறுப்பு யாருடையது என்பது முக்கியமான இடத்தில் செய்பவரை மறைத்தால், அந்த வாக்கியத்தால் யாரும் எதுவும் செய்யப்போவதில்லை. “இரவுப் பணி மேற்பார்வையாளர் திங்களன்று சோதித்தார். இரண்டாம் பம்பின் பேரிங் 95 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. பராமரிப்புப் பிரிவு புதன்கிழமைக்குள் அதை மாற்றும்” என்று திருத்தி எழுத முயலுங்கள். எழுத எழுத உங்களிடம் இல்லாத தகவல்கள் தெரியவரும். யார் மாற்றப்போகிறார் என்று நீங்கள் எழுந்து போய்க் கேட்க வேண்டியிருக்கும். அந்தக் கேள்வியும் எழுத்து வேலையின் ஒரு பகுதியே. அதுபோலவே, “நன்றாக இறுக்குங்கள்” என்பதை எண்ணாக்க முயன்றால் இயந்திரத்தின் அருகே போய் அளக்க வேண்டிவரும். வாக்கியத்தைத் திருத்துவது இப்படித்தான் நம் அறிவையும் திருத்துகிறது.

இதோடு சேர்ந்த பழக்கம் ஒன்று, வினையைப் பெயராக்கி நீட்டுவது. “சரிபார்க்கும் பணியினை மேற்கொள்ளுதல் வேண்டும்” என்பதை “சரிபாருங்கள்” என்று சொல்லலாம். “குடிநீர்க் குழாய்ப் பராமரிப்புப் பணி மேற்பார்வைக் குழு” என்று பெயர்களை ஒட்டிக்கொண்டே போவதற்குப் பதில், “குடிநீர்க் குழாய்களைப் பராமரிக்கும் வேலையை மேற்பார்வையிடும் குழு” என்று வேற்றுமை உருபுகளை வெளியே காட்டுங்கள். இரண்டாவது சற்று நீளம்தான். ஆனால் எது எதோடு சேர்கிறது என்பதில் ஐயம் இல்லை.

விமானத் துறையில் இதற்கென்றே விதிகள் வகுத்திருக்கிறார்கள். பல நாடுகளில் பல தாய்மொழிக்காரர்கள் ஒரே கையேட்டைப் படித்து விமானத்தைப் பழுதுபார்க்கிறார்கள். அவர்களுக்காக 1980களில் உருவான எளிய தொழில்நுட்ப ஆங்கிலம் 2005இல் ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்ற பெயரில் ஒரு தரநிலையாயிற்று. செயல்முறை சொல்லும் வாக்கியத்தில் 20 சொல்லுக்கு மேல் கூடாது. விளக்கம் தரும் வாக்கியத்தில் 25 சொல்லுக்கு மேல் கூடாது. ஒரு வாக்கியத்தில் ஓர் ஆணைதான். மூன்று பெயர்ச்சொற்களுக்கு மேல் ஒட்டக்கூடாது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் என்பவை அதன் விதிகளில் சில.

இவற்றை அப்படியே தமிழுக்கு எடுத்துவர முடியாது. “முடித்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து” என்பது தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல நான்கைந்து சொல் வேண்டும். ஆகவே தமிழில் சொற்களை எண்ணிப் பயனில்லை, வினைகளை எண்ணுங்கள். செயல்முறைக் குறிப்பில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயல், அதற்கு முன் அதிகம் போனால் ஒரு நிபந்தனை. விளக்கப் பகுதியில் எச்சங்களும் முற்றும் சேர்த்து மூன்றைத் தாண்டினால் அங்கே ஒரு முற்றுப்புள்ளிக்கு இடம் தேடுங்கள். இது நான் முன்வைக்கும் அளவுகோல். உங்கள் துறைக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் ஏதாவது ஓர் அளவுகோல் கட்டாயம் வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதும்போது ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதே என்று பழக்குகிறார்கள். இலக்கியத்துக்கு அது அழகு. தொழில்நுட்பத்துக்கு அது இடர். முதல் பத்தியில் பம்பு, இரண்டாவதில் இறைப்பான், மூன்றாவதில் இயந்திரம் என்று எழுதினால், படிப்பவர் மூன்று பொருள்களைத் தேடுவார். பம்பு என்று தொடங்கினால் கடைசி வரை பம்பு என்றே எழுதுங்கள். பணியாளர்கள் “பேரிங்” என்று சொல்லும் இடத்தில் அவர்கள் கேட்டிராத ஒரு சொல்லைத் தனியே நிறுத்தாதீர்கள்.

சுருக்கம் பற்றி இரண்டு சொல். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று வகுத்தார். அவர் பட்டியலில் முதலில் வருவது குறைவாகச் சொல்லிவிடுவது; மிகுதியாகச் சொல்வது அதற்கு அடுத்துத்தான். அந்த வரிசை நமக்குப் பொருத்தமானது. வெட்டுவதை மட்டுமே சுருக்கம் என்று எண்ணுபவர் முதலில் வெட்டுவது அளவையும் நிபந்தனையையும்தான். முன்னுரையும் புகழுரையும் தப்பிவிடுகின்றன. “இதன் வாயிலாகத் தெரிவிப்பது யாதெனில்” என்பதை நீக்குங்கள். “ஒரு லிட்டர்” என்பதைத் தொடாதீர்கள். எதை நீக்கினால் படிப்பவரின் செயல் மாறாதோ அது மிகை. எதை நீக்கினால் செயல் மாறுமோ அது தேவை. வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.யின் அமைப்பை 1953 ஏப்ரலில் அறிவித்த கட்டுரை ‘நேச்சர்’ இதழில் ஒரு பக்கத்தைச் சற்றே தாண்டியது. சொல்ல வேண்டியது எது என்று தெளிந்திருந்ததால் அந்த இடம் போதுமானதாக இருந்தது.

மாணவ நண்பர்களே, நிறைவாக உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நீங்கள் எழுதும் செயல்முறைக் குறிப்பை உங்கள் பேராசிரியரிடம் காட்டுவதற்கு முன், அந்த வேலையைச் செய்யப்போகும் ஒருவரிடம் கொடுங்கள். மின்சாரத்தை நிறுத்திய இயந்திரத்தில், ஆபத்தில்லாத சூழலில், அதைப் படித்துச் செய்யச் சொல்லுங்கள். அருகில் நின்று பாருங்கள், வாய் திறக்காதீர்கள். அவர் எங்கே தயங்குகிறார், எந்த வரியை இரண்டு முறை படிக்கிறார், எங்கே உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் கேட்கும் கேள்விக்கு வாயால் விடை சொல்லிவிட்டால் அந்த விடை அவரோடு போய்விடும். தாளில் எழுதினால் அடுத்து வரும் அத்தனை பேருக்கும் கிடைக்கும். அவருக்குப் புரியவில்லை என்றால் அவருடைய கல்வியைக் குறை சொல்லாதீர்கள், வாக்கியத்தைத் திருத்துங்கள்.

தெளிவாக எழுதுவதற்குச் சொல்வளம் உதவும். இலக்கண அறிவு உதவும். அவை இரண்டுக்கும் முன்னால் வேண்டியது, நம் எழுத்தை நம்பிக் கை நீட்டுபவர் மீது அக்கறை. அந்த அக்கறை இருப்பவர் “தேவையான அளவு” என்று எழுதிவிட்டு எழுந்து போக மாட்டார். அளவைக் கண்டுபிடித்து எழுதிய பிறகே பேனாவை மூடுவார். நீங்கள் ஒவ்வொருவரும் அப்படி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.